மேல் நிரைக்காரி

கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். மலையில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக ஜீவராணிக்கு ஒரு கைதான் வேலைக்கு வந்தது. மற்றக் கை நாலு செடிக்கு ஒரு தரம் ஜாக்கெட்டுக்குள் போய், அங்கே பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த போனைத் தொட்டுவிட்டு வந்தது. எடுக்கக்கூட மாட்டாள், சும்மா தொட்டுப் பார்ப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நிற்பவளுக்கு உடம்பு மட்டும்தான் வாசலில் இருக்கும். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

லிந்துலைக்கு மேலே, பஸ் ஏறாத ஒரு தோட்டத்தில் மேல் டிவிசன்காரி அவள். நாற்பதைத் தொடப் போகிற வயது. புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவான். ஒரே மகள் லோஜினியை மஸ்கெலியாவில் கட்டிக் கொடுத்தாயிற்று. லயத்து வரிசை வீட்டில் அவளுடைய ஒற்றைக் காம்பராவில் இப்போது அவளும் நாலு சுவரும்தான். அதில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் காளியாயி இருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஆவணி மாதத்தில் அந்த லயத்துக்கு மருமகளாக வந்தவர்கள். யார் காம்பராவில் முதலில் தேத்தண்ணி கொதித்தாலும் சுவரில் ஒரு தட்டு விழும். மற்றவள் கோப்பையோடு வந்துவிடுவாள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருந்ததில்லை.

போனை வாங்கி வந்தவன் சுதாகரன். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற ஆசையில்தான் வாங்கினான். அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவன் காய்ச்சலில் கிடந்த வாரம் கொழும்புக்கு ஓட முடியாதவள் அந்தப் போனில்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆறுதல் அடைந்தாள். போன் ஒரு நாளும் தானாக யார் குடியையும் கெடுத்ததில்லை. கத்தியும் அப்படித்தான், குழந்தை கையில் கொடுக்காத வரைக்கும்.

ஒரு மழைநாளில் அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. ஜீவராணிக்கு எல்லாவற்றோடும் பேசுகிற பழக்கம் உண்டு, அட்டையோடும் பேசினாள். "ஏன்டா, சம்பளக்காரி ரத்தத்தையே குடிக்கிற? பங்களாப் பக்கம் போனா கொழுத்த காலாக் கெடைக்குமேடா" என்று அதை மெல்ல உருட்டி எறிந்தாள். அதைப் பின்னால் நின்ற சுலக்ஷனா வீடியோ எடுத்துவிட்டாள். சுலக்ஷனா அவர்கள் கூட்டத்திலேயே சின்னவள், போன் விஷயம் எல்லாம் தெரிந்தவள். அன்று சாயந்தரமே ஜீவராணியின் பெயரில் ஒரு பக்கம் திறந்து அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள்.

விடிந்து பார்த்தால் சிவப்பு இதயங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கனடாவிலிருந்து ஒருத்தி, மதுரையிலிருந்து ஒருத்தன், மன்னாரிலிருந்து யாரோ. "அக்கா பேசுறது எங்க அம்மா மாதிரியே இருக்கு" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஜீவராணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கங்காணி சொன்னது 'வெரசா, வெரசா'. தராசுக்காரர் சொன்னது கிலோ. சுதாகரன் கேட்பது 'சாப்பிட்டியா'. 'நீ நல்லாப் பேசுற' என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று இனித்தது. பல்லில் பட்ட கருப்பட்டி மாதிரி.

அடுத்த வீடியோவில் ஒரு நத்தையோடு பேசினாள். யாரும் சீந்தவில்லை. அதற்கடுத்ததும் படுத்துவிட்டது. நாலாவதாக, கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பனிக்குள் நடந்து வந்ததைச் சும்மா போட்டாள், அது பிய்த்துக்கொண்டு ஓடியது. எது ஓடும், எது படுக்கும் என்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் சலித்துப்போய் விட்டிருப்பாள். பிடிபடாததுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நிலைகொள்ளவில்லை. ரொட்டி கருகியது. லோஜினி கூப்பிட்டுத் தன் மாமியாரைப் பற்றி ஏதோ குறைபட்டுக்கொண்டிருப்பாள், இவள் 'ம்' கொட்டிக்கொண்டே அந்தப் பேச்சுக்கு அடியில் விரலால் லைக் தள்ளிப் பார்ப்பாள். போனை எடுக்காமல் பீலிக்கரைக்குக் குளிக்கப் போனாலும், ஈரப் பாவாடைக்குள் நெஞ்சருகே ஏதோ நடுங்கியது போல இருக்கும். கையை வைத்தால் ஒன்றும் இருக்காது. ஒருநாள் வேண்டுமென்றே போனைப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பாதி வழியில் வயிறு வலிக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டாள். வயிறு உண்மையாகவே வலித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அவள் காம்பராவுக்குள் நடந்த கூத்து. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. அவள் கேட்டு வாங்கிக்கொண்ட மேல் நிரையால்தான் வினை வந்தது.

அந்த டிவிசனில் ஒரு மலையில் கொழுந்து எடுக்க இறங்கினால் ஆளுக்கொரு நிரை பிரிப்பார்கள். கீழ் நிரைகளில் மண் வளம், கொழுந்து மதமதவென்று இருக்கும். மேல் நிரை சவுக்கு மரங்களுக்கும் பாறைக்கும் அடியில் ஓடுகிறது. அங்கே நிழல் அதிகம், கொழுந்து குறைவு, கிலோ ஏறாது. அதனால் யாரும் விரும்பி ஏற மாட்டார்கள், முறை வைத்துத்தான் ஏறுவார்கள். ஏறுகிறவளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. குளவி கூடு கட்டுவது அந்த மரங்களிலும் பாறையிலும்தான். சில வருஷங்களுக்கு முன் ராசம்மா என்ற பெண் அங்கேயே குளவி கொட்டி விழுந்து, கொழுந்து லொறி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. மேல் நிரைக்காரி முதலில் ஏறி, மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மரம் சும்மா இருக்கு' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் கங்காணி 'பொலி' சொல்வார். பொலி சொன்ன பிறகுதான் மற்றவர்கள் செடியில் கை வைப்பார்கள். ஒவ்வொரு மரத்தைத் தாண்டும்போதும் மறுபடி அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே குனிந்திருக்கும் அத்தனை தலைக்கும் அவள்தான் கண்.

லயத்தை விட்டால் போன் டவர் பிடிக்கிற இடமும் அந்த மேல் நிரைதான். கீழே எல்லாம் ஒரு கோடுகூட ஏறாது.

அதனால் ஜீவராணி ஒரு காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி செல்லசாமியிடம் போய், இனி மேல் நிரையைத் தானே பிடிப்பதாகச் சொன்னாள். கால் வலிக்காரர்கள், பிள்ளைப் பால் கொடுக்கிறவர்கள் எல்லாம் ஏன் அங்கே ஏறி இறங்க வேண்டும், தனக்குத்தான் வீட்டில் பிக்கல் பிடுங்கல் இல்லையே என்றாள். கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றப் பெண்களுக்கு அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. ஒருத்தி அடுத்த நாள் அவளுக்கென்று ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்தாள். ஜீவராணி அதை வாங்கிச் சாப்பிட்டாள். தொண்டையில் கொஞ்சம் நின்றது, இறங்கிவிட்டது.

காளியாயி மட்டும் மட்டக்கம்பை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒனக்கு எப்ப இருந்து இம்புட்டு நல்ல மனசு?"

"எனக்கு எப்பவும் உண்டு. ஒனக்குத்தான் தெரியாது."

"இருவது வருசமா சுவருக்கு அந்தப் பக்கம் கெடக்கேன், என் கண்ணுக்குப் படலையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிரையை, அதாவது ஜீவராணிக்கு ஒரு படி கீழே ஓடும் நிரையை, தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பேச்சுத் துணைக்கு என்று கங்காணியிடம் சொன்னாள்.

பேச்சுத் துணை எங்கே இருந்தது? காளியாயி பேசிக்கொண்டே வருவாள், மேலேயிருந்து பதில் வராது. நிமிர்ந்து பார்த்தால் ஜீவராணி ஒரு காலைப் பாறையில் ஊன்றி, கையை வானத்துக்கு நீட்டி, சாமி வந்தவள் போல நிற்பாள். வீடியோ ஏறுகிறதாம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அப்போது ஒரு நாய் இருந்தது. மணி என்று பெயர். காளியாயி தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதற்கு ஒரு துண்டு ரொட்டி போடுவாள். மணி தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும், மறு நாள் வரைக்கும் அவளை ஏறெடுத்தும் பார்க்காது. சுலக்ஷனா அப்படியில்லை. நினைத்தால் போடுவாள், மறந்தால் இல்லை. ஒரு நாள் முட்டைத் துண்டு விழும், நாலு நாளைக்கு வெறுங்கைதான். அந்த நாய் சுலக்ஷனாவின் கையைவிட்டுக் கண்ணை எடுக்காது. அவள் கூந்தலைச் சொருகக் கை தூக்கினால் அதுவும் எழுந்து நிற்கும். தினமும் சோறு போடுகிறவளை விட்டுவிட்டு எப்போதாவது போடுகிறவள் பின்னால் அலைகிறதே இந்த மூதேவி என்று காளியாயி திட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஜீவராணியும் போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த நாள் வந்தது. காலையில் பனி கனத்துக் கிடந்தது, மரத்தின் உச்சி தெரியவில்லை. அப்படி இருந்தால் பனி விலகும் வரைக்கும் குரல் கொடுக்கக் கூடாது, அதுதான் முறை. ஜீவராணி மேலே ஏறிய உடனே ஜாக்கெட்டுக்குள் போன் நடுங்கியது. முந்தின நாள் போட்டதற்கு யாரோ ஏதோ எழுதியிருக்கிறார்கள். கீழே கங்காணி காத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே "மரம் சும்மா இருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு, பொலித்தீனைப் பிரித்தாள். கங்காணி பொலி சொன்னார். பெண்கள் பொலி பொலி என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

வெயில் ஏறிப் பனி விலகியதும் வெளிச்சம் அழகாக இருந்தது. ஒரு வீடியோ போட்டால் என்ன என்று போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். முந்தானையைச் சரி செய்தாள். அப்போதுதான் போனுக்குள், தன் முகத்துக்குப் பின்னால், சவுக்குக் கிளையில் கறுப்பாக ஒரு தோல்பையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல ஒன்று தெரிந்தது. அதன் மேல் தோல் அசைந்தது. மினுமினுவென்று மூச்சு விட்டது.

குளவி.

கத்த வாய் திறந்தாள். திறந்த வாய்க்குள் இன்னொரு நினைப்பு வந்து குந்திக்கொண்டது. இதை ஒரு சின்ன வீடியோ எடுத்தால்? ஒரே ஒரு சின்னது. எத்தனை பேர் பதறிப்போவார்கள். எத்தனை பேர் எழுதுவார்கள். குளவி பேசாமல்தானே தொங்குகிறது. கீழே எல்லோரும் தள்ளித்தானே இருக்கிறார்கள். எடுத்துவிட்டுக் கத்தினால் ஆயிற்று. குரலைத் தாழ்த்தி, "இங்க பாருங்க, நான் குளவிக் கூட்டுக்கு அடியில நிக்கிறேன்" என்று போனிடம் சொன்னாள். அந்த வார்த்தையை முதலில் கேட்டது போன்தான். அடுத்த நிரையில் நின்ற காளியாயி கேட்கவில்லை.

வீடியோ ஏறும் வரைக்கும் போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையை உயர்த்தி நின்றாள். வட்டம் நின்றது. ஏறிவிட்டது. ஒரு நிமிஷம், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரே ஒரு நிமிஷம். கமெண்ட் ஒன்று வந்து விழுந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தி, எந்த ஊரோ, எந்தக் கடல் தாண்டியோ எழுதியிருந்தாள். 'அக்கா முதல்ல கீழ இருக்கவங்களுக்குச் சொல்லுங்க.'

அதை வாசித்து முடித்தவள் நிமிர்ந்தாள். காளியாயி தேயிலைச் செடியை மூடிக் கிடந்த ஒரு காட்டுக் கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கொடியைக் கண்டால் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுப்பார்கள், அது கைப்பழக்கம். அந்தக் கொடி செடியோடு நிற்கவில்லை. மரத்தில் ஏறி அந்தக் கிளை வரைக்கும் சுற்றிப் போயிருந்தது.

"இழுக்காத புள்ள!"

கிளை ஆடியது. கூடு உடைந்து மேகம் போல இறங்கியது.

கீழ் நிரைகளில் இருந்தவர்கள் பழகியவர்கள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கடியில் விழுந்துவிட்டார்கள். காளியாயிக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு மடங்கி விழுந்தாள். ஜீவராணி போனைப் போட்டுவிட்டு ஓடினாள். தன் படங்கை அவள் மேல் போட்டு, அதன் மேல் தானும் விழுந்து கிடந்தாள். முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய ஊசிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. காளியாயியின் மூச்சு அவள் காதுக்குள் விசிலடித்தது. அப்படியே நின்றுவிடுமோ என்று அவள் எண்ணிய நேரத்தில் கங்காணியும் ஆட்களும் சருகைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

கொழுந்து லொறியில் இரண்டு பேரையும் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழி முழுக்க கங்காணி சொல்லிக்கொண்டே வந்தார். தன் உயிரைப் பார்க்காமல் மேலே விழுந்து காப்பாற்றினாளே, இப்படி ஒரு மனுசி உண்டா என்று. ஜீவராணிக்கு உதடு வீங்கிப் பேச வரவில்லை. அந்த வீக்கம் அன்றைக்கு அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்தடுத்த கட்டில். காளியாயியின் முகம் அடையாளம் தெரியாமல் ஊதி, மூக்கில் காற்றுக் குழாய் வைத்துக் கிடந்தாள். இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்க்க வந்த சுலக்ஷனா, செடிக்குள் கிடந்ததாகச் சொல்லி ஜீவராணியின் போனைத் துடைத்துக் கொடுத்தாள். ஒரு கணம் தயங்கி, "அக்கா, அந்த வீடியோ பயங்கரமா ஓடுது" என்றாள்.

வாங்காதே என்று ஒரு மனம் சொன்னது. கை வாங்கிவிட்டது. விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் போல வீங்கியிருந்தது, தொட்டால் போனுக்கே அது விரல் என்று தெரியவில்லை. நகத்தால் தட்டித் திறந்தாள். இதுவரை போட்ட எல்லாவற்றுக்கும் வந்ததைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. இதயம் இதயமாக ஏறிக்கொண்டே இருந்தது. ஐயோ பாவம் என்றார்கள், வீரத் தமிழச்சி என்றார்கள், பைத்தியமா என்று திட்டவும் திட்டினார்கள். அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. வலி மறந்து, உடம்பு முழுக்க ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. அது ஓடும்போதே பக்கத்துக் கட்டிலில் காற்றுக் குழாய் கரகரத்தது.

ஜீவராணி போனைத் தலையணைக்கடியில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் கை தானாக அங்கே போயிற்று. இழுத்தாள். மறுபடியும் போயிற்று. தன் கையைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த வார்டில் கேதீஸ்வரி என்று ஒரு நேர்ஸ், யாழ்ப்பாணத்துப் பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மருந்து பூச வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜீவராணி கேட்டாள்.

"மிஸ், ஒருத்தி சாகக் கெடக்குறா. அவளைச் சாகக் கெடத்துனவளுக்கு லைக்கைப் பாத்து உள்ளுக்குள்ள குளுருது. அவ மனுசியா மிஸ்?"

நேர்ஸ் சிரிக்கவில்லை. திரையை இழுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். ஜீவராணி முதன்முதலாக முழுவதையும் சொன்னாள்.

"மனுசிதான் அக்கா. மனுசருக்குத்தான் இப்பிடி நடக்கும்" என்றாள் கேதீஸ்வரி. "மூளைக்குள்ள டோபமின் எண்டு ஒரு சாமான் ஊறுது. சந்தோசம் வந்தாப் பிறகுதான் அது ஊறும் எண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடி இல்ல. வரப்போகுது எண்டு தெரியேக்கதான் கூட ஊறும். வருமோ வராதோ எண்டு இருந்தா இன்னும் கூட. அது வயித்தை நிரப்பாது அக்கா. இன்னும் வேணும் எண்டு பிடிச்சுத் தள்ளும், அவ்வளவுதான்."

ஜீவராணிக்கு மடுவத்து நாய் கண்முன் வந்து நின்றது. தினமும் கிடைத்த இடத்தில் படுத்துத் தூங்கியது. எப்போதாவது கிடைத்த இடத்தில் எச்சில் ஒழுக நின்றது. சுவரில் தட்டிய தேத்தண்ணி தினமும் கிடைத்தது. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அப்ப நா நாய்தான்" என்றாள்.

நாய்க்கும் நமக்கும் அந்தச் சாமான் ஒன்றுதான் என்று நேர்ஸ் சொன்னாள். விட்டுவிட்டால் போய்விடுமா என்று ஜீவராணி கேட்டதற்கு, உடனே போகாது, கொஞ்ச காலத்துக்கு இன்னும் அதிகமாகக் கேட்கும், கை தேடும் என்றாள். "தேடட்டும். தேடுற கைக்கு அந்த நேரம் வேற வேலை ஒண்டு குடுங்கோ." சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய சட்டைப் பையில் போன் நடுங்கியது. கை பாதி வழி போய் நின்றது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

அடுத்த தரம் சுலக்ஷனா வந்தபோது ஜீவராணி வீடியோவை அழிக்கச் சொன்னாள். சுலக்ஷனா முழித்தாள். இவ்வளவு லைக் வந்ததை யாராவது அழிப்பார்களா, பக்கத்துக்குப் பெயர் வந்திருக்கிறதே என்றாள். அழி புள்ள, நான் மனசு மாறுறதுக்குள்ள அழி என்று ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழித்த பிறகு அழுதாள். காளியாயிக்காக அழுதாளா, போன லைக்குக்காக அழுதாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும்தான் அழுதிருப்பாள்.

காளியாயி பிழைத்தாள். கண் திறந்து, குழாய் எடுத்து, முதல் தேத்தண்ணி குடித்த அன்றே ஜீவராணி சொல்லிவிட்டாள். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தன்னைத் தெரியும்.

"காலையில நா மரத்தப் பாக்கவே இல்ல புள்ள. பாக்காமலே கொரல் குடுத்தேன். பொறகு கூட்டைக் கண்டேன். கண்டுட்டு வீடியோ எடுத்தேன். அதுக்குப் பொறகுதான் கத்துனேன்."

காளியாயி பாதி வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தாள். அந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி விட்டு வந்த பிறகும் சுவரில் தட்டு விழவில்லை. ஜீவராணி தேத்தண்ணி கொதித்ததும் தட்டிப் பார்ப்பாள். அந்தப் பக்கம் பாத்திரம் நகரும் சத்தம் கேட்கும், ஆள் வர மாட்டாள். இந்தப் பக்கம் போன் ஒரு அலுமினியப் பானைக்குள் அணைந்து கிடந்தது. சுதாகரன் கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் எடுப்பாள், பேசியதும் பானைக்குள் போடுவாள். பானையைச் சுற்றிச் சுற்றி வருவாள். முற்றத்தைக் கூட்டுவாள், கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டுவாள். ஒரு நாள் மூடியைத் திறந்துவிட்டாள், கொஞ்ச நேரம் பார்த்தும்விட்டாள். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மறுநாள் மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய காலையில் பெரட்டில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணி மற்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றே உரக்க அவளைப் புகழ்ந்தார். ஜீவராணி தனக்கு மேல் நிரை வேண்டாம், அடி நிரை கொடுங்கள் என்றாள். பயந்துவிட்டாள் பாவம் என்று நினைத்து, நீ இல்லாமல் அங்கே யார் நிற்பது என்றார் கங்காணி. அப்போது அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மேல் நிரையைக் கேட்டதே டவருக்காகத்தான் என்பதிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள். ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நகர்ந்தாள். கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார், மறுபடி கட்டினார். பிறகு, "அடி நெரைக்குப் போ" என்றார். அவள் பெயரைச் சொல்லவில்லை.

அடி நிரையில் கொழுந்து நிறைய இருந்தது, டவர் இல்லை. அவள் கை ஜாக்கெட்டுக்குள் போயிற்று, வெறுமையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அன்று முழுக்க அதுதான் வேலை. பக்கத்து நிரைக்காரிகள் அவளோடு பேசவில்லை. மேலே முறைப்படி ஒவ்வொருத்தியாக நின்றார்கள், யார் நின்றாலும் கூட்டத்துக்கு நம்பிக்கை வரவில்லை. 'மரம் சும்மா இருக்கு' என்று குரல் வந்த பிறகும், குனியப் போகிறவள் ஒரு தரம் தானே நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். ஜீவராணி உடைத்தது இந்த நம்பிக்கையைத்தான். ஒவ்வொரு முறை அவர்கள் நிமிரும்போதும் அவளுக்குக் கூசியது.

காளியாயி வேலைக்கு வந்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கழுத்தில் இன்னும் தழும்புகள் கறுத்திருந்தன. நிரை பிரிக்கும்போது கங்காணி சுலக்ஷனாவை மேலே போகச் சொன்னார். காளியாயி குறுக்கே வந்து ஜீவராணியைக் காட்டினாள்.

"வேணாங் கங்காணி. இவளையே ஏத்துங்க."

பெண்கள் முணுமுணுத்தார்கள். குளவி இவளுக்கு மூளையிலும் கொட்டிவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள்.

"நீங்கள்லாம் மரத்தைப் பாப்பீங்க, கொஞ்ச நாள்ல மறந்து பேச்சுல இருப்பீங்க. இவளால மறக்க முடியுமா? சாகுற வரைக்கும் முடியாது" என்றாள் காளியாயி. பிறகு ஜீவராணியிடம் வந்து கையை நீட்டினாள். "போனக் குடு."

"காம்பராவுல கெடக்கு. பானைக்குள்ள."

"அங்கன வேணாம். ஒன்னோட பானைய நம்ப முடியாது. நாளையில இருந்து வேலை நேரத்துக்கு என் மடியில இருக்கட்டும். ஒன் புருசன் கூப்ட்டா நான் பேசிக்கிறேன்."

ஜீவராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அது வேற, இது வேற. ஏறு மேல."

ஏறினாள். மரத்தடியில் நின்று அண்ணாந்தாள். உச்சி வரைக்கும் பார்த்தாள், பாறையின் மடிப்பைப் பார்த்தாள், சுற்றி வந்து மறுபக்கத்தையும் பார்த்தாள். தூறல் கண்ணில் விழுந்தது. பிறகுதான் குரல் கொடுத்தாள். கீழே இரண்டு பேர் அப்படியும் நிமிர்ந்து பார்த்தார்கள். கங்காணி பொலி சொன்னார்.

நாலு செடி தாண்டுவதற்குள் கை ஜாக்கெட்டுக்குள் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. நெஞ்சு அரித்தது. இந்த நேரத்தில் யாரோ ஏதோ எழுதியிருப்பார்கள், எங்கோ ஒரு இதயம் சிவந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒன்று குதித்தது. நேர்ஸ் சொன்னது நினைவு வந்து, அந்தக் கையை எடுத்து நெற்றிக்கு மேல் மழைக்குக் குடையாக வைத்தாள், மரத்தைப் பார்த்தாள். "மரம் சும்மா இருக்கு."

இன்னும் நாலு செடி. கை போயிற்று. எடுத்து நெற்றியில் வைத்தாள். "மரம் சும்மா இருக்கு."

கை எத்தனை தரம் தேடியதோ அத்தனை தரம் கண் மேலே போயிற்று, அத்தனை தரம் குரலும் வந்தது. அடுத்த மரத்தைத் தாண்டும்போது சொன்னால் போதும் என்பது வழக்கம். இவள் தேத்தண்ணி நேரத்துக்குள்ளேயே தொண்டை கட்டக் கத்திவிட்டாள். அரிப்பு ஒரு துளி குறையவில்லை. கீழேயிருந்து முதலில் எரிச்சலாக ஏதோ கேட்டது, பிறகு யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். குரல் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைகள் அலுத்துப்போய்க் குனிந்தே இருந்தன.

"மரம் சும்மா இருக்கு!"

அடுத்த நிரையில் காளியாயி இடுப்பை நிமிர்த்தி நின்றாள். ஆஸ்பத்திரி விட்டு வந்ததிலிருந்து அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஏ புள்ள, மரத்துக்கு லைக் போடுறியா?"

ஜீவராணியின் கை மறுபடியும் ஜாக்கெட்டுக்குள் போயிருந்தது, அதை வெளியே இழுத்துக்கொண்டு அண்ணாந்தாள்.